அண்ணாவின் பட்டியல்களில் என் இடம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டைப் படத்தைப் பார்த்து ‘நல்ல படம்’ என்று சொல்வீர்கள். அடுத்ததாகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், நன்றி சொல்லும் இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடுவீர்கள். கட்டுரையை வாசிப்பது சாப்பாட்டு வரிசை நீளமாக இருந்தால் மட்டும். இதில் எனக்கு மனவருத்தம் இல்லை. நானும் இவ்வளவு காலம் அதைத்தான் செய்து வந்திருக்கிறேன். அண்ணா காலமான அன்று, அழுகை வருவதற்கு முன்பே என் மனதில் வந்து நின்ற கேள்வியும் அதுதான்: அவர் எழுதி வைத்துவிட்டுப் போன பட்டியலில் என் பெயர் இருக்குமா?

அண்ணா சாவகச்சேரியில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. எங்களுக்கிடையே பதினான்கு வயது. அப்பா நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டதால், எங்கள் மூவரின் பள்ளிக்கூடப் படிவங்களிலும் ‘பாதுகாவலர்’ என்ற இடத்தில் அண்ணாவின் கையெழுத்துத்தான் இருந்தது. அவருக்கே அப்போது மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. பிறகு நாட்டில் நடந்தவற்றை இங்கே விரிக்கவில்லை. வாசிப்பவர்களில் அநேகருக்கு அது தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு பத்தியில் விளங்காது. இடம்பெயர்ந்து, திரும்பவும் இடம்பெயர்ந்து, கடைசியில் அண்ணா சிட்னிக்கு வந்தார். செவன் ஹில்ஸில் பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை செய்தார். “மூடி மட்டும்தான். போத்திலை ஒரு நாளும் கண்ணால காணேல்ல” என்பார்.

ஒவ்வொருவராக எங்கள் எல்லோரையும் இங்கே கூப்பிட்டு எடுத்தார். கடைசியாக என்னையும் எடுத்தார். அவருடைய வீட்டு முன்னறையில் நான் ஆறு வருடம் இருந்தேன். அந்த ஆறு வருடத்தில் மூன்று வேலைகளும் ஒரு பட்டப்படிப்பும் என்னை விட்டு விலகின. நான் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். அண்ணி ஒரு தடவைகூட முகம் சுழித்ததில்லை. சுழித்திருந்தாலும் நான் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டேன்.

மேற்குச் சிட்னியில் நம்மவர் வீட்டில் கல்யாணமோ சாவோ நடந்தால், முதல் தொலைபேசி அழைப்பு அண்ணாவுக்குத்தான் வரும். அவர் ஒரு தாளை எடுத்துப் பட்டியல் போடுவார். சோறு யார், பருப்பு யார், கார் நிறுத்துமிடம் யார், மண்டபத்துக் கதிரைகளைத் திரும்ப அடுக்குவது யார். அவருடைய பட்டியலில் ஒரு விசேஷம்: யாரும் விடுபட மாட்டார்கள். பாரிசவாதம் வந்து ஒரு கை விளங்காமல் போன குகன் அங்கிளுக்கு ‘மண்டபச் சாவி வைத்திருப்பவர்’ என்று ஒரு பதவியே உண்டாக்கினார். எனக்கு எல்லாப் பட்டியல்களிலும் ஒரே வேலை. கடைசி வரியில் இருக்கும்: ‘பொது மேற்பார்வை – தம்பி.’ அதன் பொருள், வாசலில் நின்று வருபவர்களைப் பார்த்துத் தலையாட்டுவது. சோறு வைக்கவோ கார் நிறுத்தவோ என்னை நம்ப முடியாது என்பதை இதைவிடக் கௌரவமாக யாரும் சொல்லிவிட முடியாது.

அப்படிப்பட்டவர் பேஸ்போல் பைத்தியமானது ஆச்சரியம் இல்லை. அந்த விளையாட்டே ஒரு பட்டியல்தான். தொழிற்சாலைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மைதானம். கூட வேலை செய்த கெவின் ஒரு சனிக்கிழமை அண்ணாவை அங்கே இழுத்துக்கொண்டு போனார். முதல் வருடம் முழுவதும் அண்ணா கிரிக்கெட் கண்ணோடு பார்த்தார். அடிக்காமல் விட்ட ஒவ்வொரு பந்துக்கும் “நல்லா விட்டான்!” என்று கைதட்டினார். நல்ல பந்து மூன்றை அப்படி விட்டால் ஆள் அவுட் என்று கெவின் விளக்கிய பிறகும், பழக்கதோஷத்தில் கை தட்டியது.

இரண்டாம் வருடம் அதைவிடப் பெரிய பிழை நடந்தது. நம்முடைய ஆட்டங்களில் பாதியில் தேத்தண்ணியும் கடியும் வருவதுபோல இங்கேயும் வரவேண்டும் என்று நினைத்து, அண்ணியைக் கொண்டு நாற்பது மட்டன் ரோல்ஸ் சுடுவித்து, ஆட்டத்தின் நடுவே வீரர்கள் இருந்த வாங்கிலுக்குக் கொண்டு போய்க் கொடுத்தார். பந்து எறிபவர் மூன்று சாப்பிட்டுவிட்டு, மிளகாய் ஒட்டிய அதே கையால் கண்ணைத் துடைத்தார். அதன் பிறகு அவர் எறிந்த பந்துகள் மைதானத்தின் எல்லாத் திசைகளுக்கும் போயின. அணி நிர்வாகம் அண்ணாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுத்த கிழமை வேலியில், உணவு கொடுக்க வேண்டாம் என்று ஓர் அறிவித்தல் தொங்கியது, மிருகக்காட்சிச்சாலையில் தொங்குவதுபோல.

ஒவ்வொரு வியாழனும் அணி தன் ஒன்பது பேரின் பெயரை வெளியிடும். சனிக்கிழமை வேலியோரம் கதிரை போட்டு அந்த ஒன்பதையும் நாங்கள் கிழித்துப் போடுவோம். அண்ணா, நான், சென்னையிலிருந்து வந்து கணினி வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு பாலாஜி. கெவின் பியரோடு அருகில் இருப்பார். நாங்கள் தமிழில் சண்டை பிடிப்பதைக் கேட்டு, யாரோ செத்துவிட்டார்கள் என்று அவர் முதலில் நினைத்தாராம்.

போன கோடைக்கு முந்தின கோடையில் சண்டை ரஸ்ஸலைப் பற்றியது. ரஸ்ஸல் எங்கள் அணியின் கேட்சர். அதாவது விக்கெட் இல்லாத விக்கெட் கீப்பர். ஆட்டம் முழுக்கக் குந்தியிருந்து பந்து பிடிக்க வேண்டும். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. இரண்டு முழங்காலிலும் கட்டு. குந்தினால் எழும்புவதற்குள் எதிரணி ஒரு ஓட்டம் எடுத்துவிடும்.

“சார், அவரோட நம்பர்ஸ் பாத்தீங்களா?” என்று பாலாஜி கைப்பேசியை நீட்டினார். “மூணு வருஷமா இறங்கிக்கிட்டே இருக்கு. அந்தச் சின்னப் பையனை எடுத்திருக்கணும்.”

“நம்பரை விடும் பாலாஜி” என்றார் அண்ணா. “அவன் இருபது வருஷமா இந்த அணிக்குக் குந்தினவன். இப்ப முழங்கால் போயிட்டுது எண்டால் எங்க போவான்?”

“வீட்டை போகட்டும்” என்றேன் நான். அன்று வெயில் அதிகம். அதற்கு முதல் நாள்தான் என் அலுவலகத்தில் ஒரு இளைஞனை எனக்கு மேலதிகாரியாகப் போட்டிருந்தார்கள். இதை ஒரு சாட்டாகச் சொல்கிறேன். வேறு சாட்டு என்னிடம் இல்லை. “அணி எண்டால் அணி, அண்ணா. அது அகதி முகாம் இல்லை. ஏலாதவனை வைச்சுக்கொண்டு ஏலுமானவனை வாங்கிலில இருத்தினால் என்ன நியாயம்? ஏலாட்டில் அனுப்பவேணும்.”

அண்ணா மைதானத்தைப் பார்த்தபடியே கேட்டார்: “ஆர் சொல்லுறது? ஆறு வருஷம் என்ர முன்னறையில ஏலாமல் இருந்தவரோ?”

பாலாஜி கைப்பேசிக்குள் முகத்தைப் புதைத்தார். தமிழ் தெரியாத கெவின்கூடப் பியரைக் கீழே வைத்தார். நான் எழும்பி, கதிரையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கார் வரை நடந்தேன். சுயமரியாதையோடு ஸ்ட்ராத்ஃபீல்டில் என் வீடு வரை வந்து இறங்கும்போதுதான், அது அண்ணாவின் கதிரை என்பது தெரிந்தது. திருப்பிக் கொண்டுபோனால் நான்தான் முதலில் இறங்கி வந்ததாகிவிடும். கதிரை கராஜில் இருந்தது. ஒரு கோடை போய், குளிர் வந்து, அதுவும் போய்விட்டது. இரண்டு புகையிரத மாற்றத்தில் இருந்த அண்ணாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கூட நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே அம்மாவின் பிடிவாதம்.

பிறகு மெல்பேர்னில் ரோவிலில் இருக்கும் அண்ணாவின் ஒரே மகள் அழைத்தாள். “சித்தப்பா, அப்பாட ஸ்கான் ரிசல்ட் வந்திட்டுது. இட்ஸ் நாட் குட்” என்றாள்.

நான் மருத்துவமனைக்குப் போனபோது அண்ணா பாதியாகியிருந்தார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, நான்கு நல்ல வசனங்கள் தயார் செய்திருந்தேன். படித்தவன் அல்லவா. அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“கதிரை எங்க?”

“கராஜில.”

“அதின்ர ஒரு கால் லூஸ். பாத்து இரு.”

“ஓம்” என்றேன். நான்கு வசனங்களும் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தன. அதன் பிறகு ஐந்து கிழமை, வேலை முடிந்து தினமும் போனேன். எம்ஃபோர் நெடுஞ்சாலையின் ஒவ்வொரு பள்ளமும் எனக்குப் பாடம். அண்ணாவோடு ஒன்பது பேரைப் பற்றிப் பேசினேன். ரஸ்ஸலை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று பாலாஜி சொல்லித் தெரிந்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது என்று பிறகு அறிந்தேன். என்னை வருத்தக்கூடாது என்று அவரும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அன்றைய சண்டையைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. மன்னித்தாரா என்று கேட்க ஐந்து கிழமை இருந்தது. கேட்காமலே முடிந்தது.

ஆகவே, பட்டியல். அண்ணா தன் சாவுக்கும் பட்டியல் எழுதி வைத்திருப்பார் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் போன அன்று பின்னேரம் அண்ணி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு ஓர் உறையைத் தந்தார்.

“இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர். நான் திறக்கேல்ல.”

யாரையும் விடாதவர் ஒருவரை விட்டிருந்தால், அது நானாகத்தான் இருக்கும். அப்படி விட்டிருந்தால் நியாயம் அவர் பக்கம். ஏலாதவனை அனுப்ப வேண்டும் என்று சட்டம் போட்டவனே நான்தானே. திறந்தேன். பேஸ்போல் ஸ்கோர் புத்தகத்தில் கிழித்த தாள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை இலக்கங்கள். ஒன்பதும் வெறுமை. மேலே, அவர் வழக்கமாகத் தன் பெயர் எழுதும் மூலையில், நடுங்கிய எழுத்தில்: ‘பட்டியல் எழுதுவது – தம்பி.’ அடியில் ஒரு வரி: ‘ரஸ்ஸல் வந்தால் நல்ல கதிரை கொடுக்கவும். முழங்கால்.’

குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். அண்ணி தேத்தண்ணி வைத்தார்.

சரி, அண்ணாவைவிட நன்றாகவே செய்கிறேன் பார் என்று, ஒன்பது வேலைக்கு ஏலுமான ஒன்பது பேரை எழுதினேன். சுருக்கமான, திறமையான பட்டியல். அதற்குள் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. “தம்பி, சாவி வழமைபோல என்னட்டைத்தானே?” என்றார் குகன் அங்கிள். அழுதுகொண்டு கேட்டார். இந்த முறை மண்டபத்துக்குச் சாவியே இல்லை, இலக்கம் அழுத்தும் பூட்டு. “ஓம் அங்கிள், உங்களிட்டைத்தான்” என்று சொல்லி, என் வீட்டுச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றுவரை அது அவரிடம்தான் இருக்கிறது. அடுத்து இன்னொருவர். பிறகு இன்னொருவர். ஒன்பது இடத்தில் நாற்பத்தொரு பெயர் வந்து நின்றது. தண்ணீர்ப் போத்தில் கொடுக்க மட்டும் ஆறு பேர்.

அந்த நாற்பத்தொரு பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர்கள் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன, ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். மகளாக நின்று எல்லாக் கிரியைகளையும் செய்து கொள்ளியும் வைத்த என் பெறாமகளுக்கு, அதாவது அண்ணாவின் மகளுக்கு, நன்றி சொல்ல முடியாது. அவளுக்குப் பக்கத்தில் நிற்கத்தான் முடியும். மயான மண்டபத்தில் எங்களுக்குத் தந்திருந்த முக்கால் மணி நேரத்தை, பேச வந்த பெரியவர்கள் மீறாமல் காவல் காத்த பாலாஜிக்கும், தொழிற்சாலை மஞ்சள் அங்கியோடு வந்து கார்களை நிறுத்திய கெவினுக்கும், நாற்பது ரோல்ஸ் சுட்டு அனுப்பிய அண்ணியின் சிநேகிதிகளுக்கும் நன்றி. ரஸ்ஸல் வந்தார். முன்வரிசையில், கால் இறுக்கித் திருத்திய அண்ணாவின் கதிரையில் இருந்தார். அண்ணாவைக் கொண்டு போனபோது எல்லோருக்கும் முதல் எழும்பத் தொடங்கியவர் அவர்தான். நேரம் எடுத்தது. நாங்கள் காத்து நின்றோம்.

இறுதிக் கிரியைக்கு முதல் நாள் மாலை இந்தப் பட்டியலைச் சரிபார்க்க அண்ணாவின் மகளிடம் கொடுத்தேன். அவள் மேலிருந்து கீழே விரல் வைத்து வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

“சித்தப்பா, யுவர் நேம் இஸ் நாட் ஹியர்.”

“இடம் முடிஞ்சுது பிள்ளை.”

அவள் என் கையிலிருந்த பேனையை வாங்கி, அடியில் மிச்சமிருந்த வெறுமையில், பள்ளிக்கூடத் தமிழ் வகுப்புக் கையெழுத்தில் மெதுவாக எழுதினாள்: ‘பொது மேற்பார்வை – சித்தப்பா.’ பிறகு என்னைப் பார்த்து, “அப்பா ஆல்வேய்ஸ் உங்களைத்தான் அதுக்குப் போடுறவர்” என்றாள்.

அன்று நான் வாசலில் நின்று, வந்த ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையாட்டினேன். முப்பத்தோராம் நாளான இன்று, இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போதும் அங்கேதான் நிற்பேன். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.