கச்சிராயபாளையத்தில் இறங்கிவிட்டேன்

எங்கள் வகுப்பில் யாருக்கு என்ன நடந்தாலும் தகவல் முதலில் எனக்குத்தான் வரும். நான் கள்ளக்குறிச்சியிலேயே இருந்துவிட்டவன். முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றேன். கூடப் படித்தவர்கள் சென்னை, திருப்பூர், பெங்களூரு என்று போய்விட்டார்கள். பெண்கள் வாழ்க்கைப்பட்ட ஊர்களில் இருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்னால் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்து வாட்ஸ்அப் குரூப் ஒன்று ஆரம்பித்தோம். வயது அறுபதை நெருங்கிவிட்டதால் அதில் பாதி பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகையாக இருக்கும், மீதி ஆஸ்பத்திரிச் செய்தியும் சாவுச் செய்தியுமாக இருக்கும். வரமுடியாதவர்கள் எல்லோரும் எங்கள் சார்பில் நீ போய்விட்டு வந்துவிடு என்று என்னிடம் சொல்வார்கள். போவேன். மணமேடையிலோ மாலை போடும்போதோ ஒரு போட்டோ எடுத்து அனுப்புவேன். வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்து விழும். அந்தக் கைகூப்பல்கள் எனக்குப் பிடித்திருந்தன. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த குரூப்பில் இல்லாத ஒருவன் இருந்தான். கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி அவன் ஊர். அந்தக் காலத்தில் கீழே வந்து அரசு விடுதியில் தங்கிப் படித்தான். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். படிப்பு முடிந்து மலைக்கே திரும்பி, கொஞ்சம் மரவள்ளியும் சாமையும் வைத்துக்கொண்டு இருந்துவிட்டான். அவனிடம் இருந்தது பட்டன் போன். அதுவும் பாதி நேரம் சிக்னல் இல்லாமல் கிடக்கும். ஆனாலும் காதில் விழுந்த எந்தக் காரியத்துக்கும் அவன் வராமல் இருந்ததில்லை. என் அப்பா இறந்தபோது வந்து மூன்று நாள் இருந்தான். என் மனைவிக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ரத்தம் கொடுத்துவிட்டு, ஒரு காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போனான்.

நான் இரண்டு வருடம் வெள்ளிமலை வண்டியில் ஓடியிருக்கிறேன். மேலே போனால் வண்டி அரை மணி நேரம் நிற்கும். சில நாள் ராத்திரி அங்கேயே தங்கி, காலையில்தான் இறங்கும். நடந்தால் அவன் ஊருக்கு முக்கால் மணி நேரம். ஒரு நாளும் நான் போனதில்லை. டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன ஆவணியில் ஒரு காலை, கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மலையில் ஜீப் ஓட்டுகிற ஒருவர், எனக்குப் பழக்கமானவர், வேகமாக வந்தார். சாவுக்கு வேண்டிய துணி, ஊதுவத்தி எல்லாம் வாங்கக் கீழே வந்திருந்தார்.

"உங்க கூட்டாளி வூட்ல சாவுங்க. உங்க கிட்ட சொல்லிட்டு வரச் சொன்னாங்க" என்றார்.

யார் செத்தது என்று நான் கேட்கவில்லை. கடைசியாகப் பார்த்தபோது அவன் இளைத்துப்போய், இருமிக்கொண்டிருந்தான். அவன்தான் என்று மனம் முடிவு செய்துவிட்டது. ஜீப்காரர் போன பிறகு அவன் நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. எப்போது போட்டாலும் அப்படித்தான் சொல்லும். அன்றைக்கு அதையே உறுதி என்று எடுத்துக்கொண்டேன்.

குரூப்பில் எழுதினேன். நம் அருமை நண்பர், சிரித்த முகத்துக்காரர், இன்று இயற்கை எய்தினார் என்று தொடங்கி நீளமாகவே எழுதினேன். என் மனைவிக்கு ரத்தம் கொடுத்ததையும் எழுதினேன். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது உண்மை. பெங்களூரில் இருப்பவர் ஒருவர், நாங்கள் எல்லோரும் கூடியபோது எடுத்த படத்திலிருந்து அவன் முகத்தை வெட்டி மாலை போட்டு அனுப்பினார். யார் போகிறீர்கள் என்று கேள்வி வந்தது. கிளம்பிவிட்டேன் என்று பதில் போட்டேன்.

கிளம்பத்தான் செய்தேன். பெரிய மாலையாக வாங்கிக்கொண்டு பதினோரு மணி வண்டியில் ஏறினேன். வடக்கனந்தல் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் வண்டி நின்றபோது, கண்டக்டர் என்னிடம் வந்தார். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர். மேலே மழை ஜாஸ்தியாக இருக்கிறது, சாயங்கால வண்டி இறங்குமா என்று சொல்ல முடியாது, ராத்திரி தங்குகிற மாதிரி இருந்தால் வாருங்கள் என்றார்.

சாவு வீட்டில் ராத்திரி தங்குவதை நினைத்தேன். முழங்கால் வலியை நினைத்தேன். சேற்றில் இரண்டு மைல் நடப்பதை நினைத்தேன். இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு நினைப்பும் இருந்தது. அங்கே எங்கள் வகுப்பு ஆட்கள் யாரும் இருக்கப் போவதில்லை. நான் வந்தேனா இல்லையா என்று பார்க்க வேண்டியவனும் போய்விட்டான். இனி யாருக்குத் தெரியப் போகிறது?

மாலையைக் கண்டக்டரிடம் கொடுத்து, வெள்ளிமலையில் ஜீப்காரரிடம் சேர்த்துவிடச் சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டேன். வண்டி மழையில் மலை ஏறிப் போனது. எதிரில் இருந்த ஓட்டலில் சாப்பாடு சாப்பிட்டேன். ரசம் நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டிலிருந்து குரூப்பில் போட்டேன்: நல்லடக்கம் முடிந்தது, நம் அனைவர் சார்பிலும் மாலை அணிவித்தேன். போட்டோ கேட்டவர்களுக்கு, போனில் சார்ஜ் இல்லாமல் போய்விட்டது என்றேன். அந்த மழையிலும் போயிருக்கிறாயே, உன்னைப்போல் யார் இருக்கிறார்கள் என்று எழுதினார்கள்.

கொஞ்ச நேரத்தில் கடலூரிலிருந்து போன் வந்தது. எங்கள் கூடப் படித்தவள். நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விடுதிச் சாப்பாடு போதாமல் அவன் திண்டாடிய நாட்களில், தன் டிபன் பாக்ஸைப் பாதி அவன் பக்கம் தள்ளியவள் அவள்தான். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"மொகம் எப்டிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"தூங்கறாப்பல இருந்துச்சு. கஷ்டப்பட்ட மாதிரியே இல்ல" என்றேன்.

அவன் மனைவியைப் பற்றிக் கேட்டாள். அழவே இல்லை, சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார் என்றேன். நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. சுவர் மண்ணா செங்கல்லா என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் போய்வந்ததற்கு நன்றி சொல்லி வைத்தாள்.

ஐப்பசியில் எங்கள் நண்பர் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். வடக்கனந்தலில் உரக்கடை வைத்திருப்பவர். கள்ளக்குறிச்சியில் மண்டபம் பிடித்திருந்தார். பதினான்கு பேர் வந்திருந்தோம். தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. நானும் கடலூர்க்காரியும் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவன் மடித்த குடையோடு உள்ளே வந்துகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை. மொட்டையடித்து ஒன்றரை மாதம் ஆன தலை. உரக்கடைக்காரர் ஆடி மாதமே, யூரியா வாங்க வந்தவனிடம் தேதியைச் சொல்லி அழைத்திருந்தாராம். அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

அதற்குப் பிறகு ஒரே கூச்சல். ஒருவர் அவன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இன்னொருவர் போனை எடுத்து மாலை போட்ட படத்தைக் காட்டினார். அவன் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். முதலில் சிரித்தான். பிறகு அவனுக்கு விளங்கியது. பக்கத்தில் நின்றவர் என்னைக் காட்டி, இவன் உன் சாவுக்கு வந்து மாலையே போட்டுவிட்டானே என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பொய் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அவன் என்னைப் பார்த்தான். ஒரு மூச்சு நேரம் இருக்கும். பிறகு அவர்களிடம் சொன்னான்.

"செத்தது எங்க அண்ணன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சாட. இவன் மாலைய போட்டுட்டு மழைக்குப் பயந்து ஒடனே எறங்கிட்டான். கூட்டத்துல நானும் நிக்க வச்சுப் பேசல."

கூடமே சிரித்தது. செத்ததாகச் சொன்னால் ஆயுசு கெட்டி என்று உரக்கடைக்காரர் அவனை மேடைக்கு இழுத்துப்போய்ப் படம் எடுத்துக்கொண்டார். அண்ணன் யார் தம்பி யார் என்று தெரியாமல் மாலை போட்டவன் என்று என்னையும் முதுகில் தட்டினார்கள். நானும் சிரித்தேன். கடலூர்க்காரி மட்டும் சிரிக்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் அவனைத் தனியாகப் பிடித்தேன். நான் வரவில்லை என்று சொன்னேன். சொல்லத் தேவையே இல்லாத விஷயம்.

"தெரியும்" என்றான். "மாலை வந்துச்சு. மாலை வந்துச்சுன்னா ஆளு பின்னாலயே வருதுன்னு நெனச்சிக்கினு, எடுக்காம வச்சிருந்தேன். இருட்டப் போவுதுன்னு பெரியவங்க சத்தம் போட்டாங்க. அப்புறம்தான் எடுத்தோம்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் தாமதமாக வந்ததைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். ஜீப்காரரிடம் சொல்லி அனுப்பியது அவன்தான். கீழே இருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் சொல்லி அனுப்பியிருந்தான்.

மறுநாள் காலை கடலூருக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அன்னிக்கே எனக்குத் தோணுச்சு. மொகம் எப்டின்னு கேட்டதும் நீ படபடன்னு சொன்ன. பாத்துட்டு வந்தவங்க அப்டிச் சொல்ல மாட்டாங்க. எத்தன பேர நான் வார்டுல பாத்திருக்கேன்."

குரூப்பில் உண்மையைப் போட்டுவிடப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். நீ உன் பாரத்தை இறக்கி வைத்துவிடுவாய், உனக்காக அவன் அத்தனை பேர் முன்னால் பொய் சொன்னானே, அவனை என்ன செய்வாய் என்று கேட்டாள். எழுதி வைத்திருந்ததை அழித்தேன். அதனால் குரூப்பில் இன்றைக்கும் நான் மழையில் மலை ஏறிப் போய் மாலை போட்டவன்தான்.

அடுத்த வாரம் முதல் வண்டியில் வெள்ளிமலைக்குப் போனேன். அங்கிருந்து நடந்தேன். இரண்டு இடத்தில் வழி கேட்க வேண்டியிருந்தது. வீட்டில் அவன் மனைவி மட்டும் இருந்தார். செம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"வழி கேட்டுக்கினு வந்தீங்களா?" என்றார்.

ஆமாம் என்றேன். காட்டிலிருந்த கணவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அனுப்பிவிட்டு, சோறு வடிக்கப் போனார். பாதி செங்கல், பாதி மண்ணாக இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவன் வந்ததும் அண்ணனைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். ஒரு மேட்டில், மரவள்ளிக் கொல்லையை ஒட்டி இருந்தது. மழைக்கு மண் அமுங்கிப் புல் முளைத்திருந்தது. அந்த அண்ணன்தான் கூலிக்குப் போய் இவனுக்கு விடுதிப் பெட்டியும் சட்டைத் துணியும் வாங்கிக் கொடுத்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது. ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவனுக்கு ஒரு அண்ணன் இருப்பதே என் நினைவில் இல்லை.

ஏன் எனக்காகப் பொய் சொன்னாய் என்று கேட்டேன். உன்னை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்ற மாதிரி ஏதாவது சொல்வான் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

"உனக்காவ சொல்லல" என்றான். "நல்ல காரியம் நடக்கற எடம். அங்க ஒரு சண்ட ஆயிடக்கூடாதுன்னு சொன்னேன்."

அதன்பிறகு கொஞ்ச நேரம் இருவரும் புல்லைப் பிடுங்கினோம். மன்னிப்பு என்ற வார்த்தையை வழி முழுக்க மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். அங்கே அதைச் சொன்னால் அவன் இன்னொரு முறை எனக்கு எதையாவது கொடுக்க வேண்டியதாகிவிடும் என்று தோன்றியது. சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாமைச் சோறும் குழம்பும் சாப்பிட்டேன்.

பஸ்ஸுக்கு என்னோடு நடந்து வந்தான். தை மாதம் பேத்திக்குக் காது குத்து, வா என்றான். வருகிறேன் என்றேன்.

தையில் மனைவியோடு போனேன். முதல் நாளே போய்ப் பந்தல் போடுகிறவர்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்தேன். வெள்ளிமலை வண்டியில் நான் ஓடிய காலத்தில் அவன் ஏறினால், பக்கத்தில் இருக்கிறவர்களிடமெல்லாம் இவன் என் கூட்டாளி என்று பெருமையாகச் சொல்வான். எனக்கு அது கூச்சமாக இருக்கும். காதில் விழாததுபோல் அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழிப்பேன். இப்போது அவன் சம்பந்திகள் வந்தபோது, நான் இருந்த பக்கம் கையைக் காட்டி, "கூடப் படிச்சவரு, கள்ளக்குறிச்சி" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவர்கள் கும்பிட்டார்கள். நானும் எழுந்து நின்று கும்பிட்டேன்.