ஒப்புச் சொல்லி எழுதுக

வெள்ளையம்மாளை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டதில்லை. சாவு விழுந்தால் மட்டும் முதல் ஆள் அவள் வீட்டுக்குத்தான் வரும்.

முதுகுளத்தூர்ப் பக்கம் உள்காட்டில் ஒரு மானாவாரிக் கிராமம் அவளுடையது. அய்யா செல்லச்சாமிக்கு நாலு குறுக்கம் நிலமும், மகளை எட்டாவது வரை படிக்க வைக்கும் பிடிவாதமும் இருந்தன. படிக்க வைத்தவர், பதினேழு வயதில் அவளைத் திருப்பாலைக்குடிப் பக்கத்து உப்பளத்தில் கங்காணியாக இருந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார். ஏழு வருஷம் கடற்கரையில் குடும்பம் நடத்தினாள். பிள்ளை இல்லை. கங்காணி விஷக்காய்ச்சலில் போனார். தாலியறுத்து அண்ணன் வீட்டுக்கு வந்த மறு வருஷம் அய்யாவும் போய்விட்டார்.

புருஷனுக்கும் அய்யாவுக்கும் அவள் அழுத அழுகையை ஊர் மறக்கவில்லை. எங்கிருந்து அந்தச் சொல்லெல்லாம் வந்ததோ, கேட்டுக்கொண்டு நின்ற ஆம்பிளைகள் துண்டை வாயில் பொத்திக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போனார்களாம். அதோடு பிடித்தது வினை. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், "வெள்ளையம்மா வந்து ஒப்புச் சொன்னாத்தான் போன உசுருக்கு ஒரு மருவாதி" என்று ஆள் அனுப்பினார்கள். அண்ணன் பெண்டாட்டி இருளம்மாள் கெட்டவள் இல்லை. ஆனாலும், "போயிட்டு வா மதினி, வாரப்ப கொல்லைப் பக்கமே குளிச்சிட்டு வா" என்று அவள் சொல்லும்போது வெள்ளையம்மாளுக்கு வயிறு எரியும். அதே தெருவில் வளைகாப்பு நடந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். அவளுடைய குரல் ஊருக்கு வேண்டும், முகம் வேண்டாம். பிற்பாடு அவள் சொல்லக் கேட்ட எனக்கு, இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

1957-இல் அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் ஒருத்தி சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. எட்டாவது தேறிய பெண்களை ஆசிரியப் பயிற்சிக்கு எடுக்கிறார்கள், இராமநாதபுரத்தில் பரீட்சை, விதவைகளுக்குச் சலுகை உண்டு, வயது மட்டும் முப்பதைத் தாண்டக் கூடாது. வெள்ளையம்மாளுக்கு ஆடி வந்தால் முப்பது. பரீட்சை வைகாசியில்.

"இந்த வயசுல எதுக்கு ஒனக்கு?" என்றான் அண்ணன்.

"எழவு வீட்டுக்கில்லாம வேற எதுக்காச்சும் என்னையக் கூப்புடணும்ணே. அம்புட்டுத்தான்" என்றாள்.

அண்ணனே கூட்டிப்போய் இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டான். இந்த ஒரு தடவை தவறினால் வயது போய்விடும், அப்புறம் சாகும் வரை சாவு வீடுகள்தான் என்பது அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

அந்தப் பரீட்சைக்குத் தமிழ்க் கேள்வித்தாள் எடுத்த மடையன் நான்.

நான் தமிழ் வாத்தியார். தொண்டியில் மரக்கலம் விட்டுப் பிழைத்த குடும்பத்தில், தப்பிப் பிறந்தவன் மாதிரி இலக்கணம் படித்தவன். கேள்வித்தாள் எடுக்கச் சொல்லி அரக்கு முத்திரை வைத்த உறை வந்தால் எனக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருக்கும். அந்த உறையை வேண்டுமென்றே மேஜை மேல் எல்லார் கண்ணிலும் படும்படி போட்டு வைப்பேன். என் வீட்டுக்காரி நூர் நிஷா, "மையித்து வீட்டுக் கடுதாசி மாதிரி அத ஏன் நடுவுல போட்டு வச்சிருக்கீங்க?" என்று அதைச் சாவுக் கடிதமாக்கிக் கேலி செய்வாள்.

ஐந்தாம் கேள்வி கட்டாயக் கேள்வி, இருபத்தைந்து மதிப்பெண். முந்தைய வருஷம், "ஒப்பிட்டு வேறுபடுத்துக" என்று கேட்டதற்கு, கேள்வி கடினம் என்று மேலே புகார் போயிருந்தது. எளிய தமிழில் கேளுங்கள் என்று எனக்குக் குறிப்பு வந்தது. எளிமைதானே, இதோ பார் என்று எழுதினேன்: "கடற்கரை ஊர், உள்நாட்டு ஊர் - இவ்விரண்டையும் ஒப்புச் சொல்லி எழுதுக." எழுதிவிட்டு, என்ன அழகான தமிழ் என்று நானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் வீடுகளில் மவுத்தானால், ஒருவர் இறந்தால், குர்ஆன் ஓதுவார்கள். கண்ணீர் விடலாம், குரலெடுத்துப் பாடி அழுவது கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பார்கள். ஒப்பாரி என்ற சொல் எனக்கு அகராதியில் தெரியும். உள்காட்டுப் பெண்களின் வாயில் 'ஒப்புச் சொல்வது' என்றால் செத்தவர் முன்னால் உட்கார்ந்து பாடி அழுவது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

பரீட்சை மண்டபத்தில் வெள்ளையம்மாள் ஐந்தாம் கேள்வியைப் படித்தாள். திரும்பப் படித்தாள். எழுந்து நின்று மேற்பார்வைக்கு நின்றவரிடம், "அய்யா, இதுல சொல்லியிருக்கபடியேதான் எழுதணுங்களா?" என்று கேட்டாள்.

"கேட்டதக் கேட்டபடி எழுதும்மா. பேசக் கூடாது" என்றார் அவர்.

எழுதினாள்.

திருத்தும் பணி இராமநாதபுரத்திலேயே ஒரு கட்டடத்தில் நடந்தது. மேஜைக்கு நாலு பேர். ஒப்புமைக் கட்டுரை திருத்துவதைப் போன்ற தண்டனை உலகத்தில் வேறு கிடையாது. எல்லாரும் ஒரே நோட்ஸைப் படித்துவிட்டு வந்திருப்பார்கள். கடல் பெரியது, வயல் சிறியது. கடலில் மீன் உண்டு, வயலில் நெல் உண்டு. கடலுக்குத் தோணி, வயலுக்கு ஏர். ஆகவே இவ்விரண்டும் நமது நாட்டின் இரு கண்கள். அன்று காலையில் மட்டும் நாற்பத்து மூன்று ஜோடி கண்களைப் பார்த்துவிட்டேன். ஒப்பிடுவது என்றால் இங்கே ஒரு குவியல், அங்கே ஒரு குவியல் என்று கொட்டி வைப்பது இல்லை. இரண்டிலும் ஓடுகிற ஏதோ ஒன்றைப் பிடித்து, அது இங்கே என்ன செய்கிறது, அங்கே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். வகுப்பில் தொண்டை கிழியச் சொல்வேன். யார் கேட்டார்கள்?

நாற்பத்து நாலாவது தாளைப் பிரித்தேன். பெயர் கிடையாது, எண் மட்டும்.

*மானத்தப் பாத்து நின்னாக மழைக்கழுத எங்க அய்யா*
*மானத்தப் பாத்து நின்னாக வெயிலுக்கழுத எங்க ராசா*
*ஒத்த மழை பேஞ்சிருச்சு ஒங்க வெள்ளாம தழைச்சிருச்சு*
*அந்த மழை பேஞ்சிருச்சு எங்க உப்புப் பாத்தி கரைஞ்சிருச்சு*

எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. கட்டுரை கேட்டால் ஒருத்தி ஒப்பாரி எழுதி வைத்திருக்கிறாளே! வேலை அலுப்பில் இருந்த மற்றவர்களுக்காக எழுந்து நின்று ராகம் போட்டே வாசித்தேன். அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் முக்கால் பங்கு நான் மூட்டியது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தண்ணீர்க் குடத்தோடு கதவருகில் நின்ற கடைநிலை ஊழியர் கூத்தையா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கும் முதுகுளத்தூர்ப் பக்கம்தான்.

"சார், கேள்வி என்னன்னு வாசிங்க" என்றார்.

வாசித்தேன்.

"அப்பறம் என்ன சார்? ஒப்புச் சொல்லி எழுதுன்னு நீங்க கேட்டிருக்கீக. அந்தப் புள்ள சொல்லியிருக்கு. எங்க பக்கம் ஒப்புச் சொல்றதுன்னா இதான் சார்."

"மத்தவங்க எல்லாம் ஒழுங்காத்தானே எழுதியிருக்காங்க?"

"மத்ததுக பள்ளிக்கூடத்துல இருந்து நேரா வந்ததுக. நோட்ஸு பாத்து எழுதியிருக்கும். இது பள்ளிக்கூடத்த விட்டு ரொம்ப வருசம் ஆயிருக்கும். அறுத்துட்டு வந்த புள்ளையா இருக்கும்."

அறையில் சிரிப்பு அடங்கிப்போனது. நான் உட்கார்ந்து தாளை முதலில் இருந்து, ராகம் போடாமல் படித்தேன். மூன்று பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. உள்காட்டில் ஊருணி வற்றினால் தண்ணீருக்கு மூன்று மைல், கடற்கரையில் கண் முன்னால் அத்தனை தண்ணீர் கிடந்தும் குடிக்க மூன்று மைல். அங்கே மழை பெய்தால் கடன்காரன் போவான், இங்கே மழை பெய்தால் கடன்காரன் வருவான். அய்யா மழைக்கு நேர்ந்துகொண்டார், புருஷன் வெயிலுக்கு நேர்ந்துகொண்டான்.

*ரெண்டு பேரு நேத்திக்கடனுக்கும் நடுவுல நான் நின்னேனே*
*எந்தச் சாமி கிட்டப் போயி எதக் கொடுன்னு நான் கேப்பேன்*

மழை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஊரையும் முழுக்க அளந்திருந்தாள். நான் வகுப்பில் தொண்டை கிழியச் சொன்னதை, என் வகுப்பில் உட்காராத ஒருத்தி செய்து வைத்திருந்தாள். ஒப்பாரிக்குள் இருக்கிற ஒப்பு, ஒப்பிடுவதில் இருக்கிற அதே ஒப்புதான் என்பது, இலக்கணம் படித்த எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. சற்று முன்னால் ராகம் போட்ட வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

தலைமைத் திருத்தாளர் உக்கிரபாண்டி சட்டப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர். தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"உரைநடையில எழுதணும்னு விதி. இது பாட்டு. பூச்சியம்" என்றார்.

"கேள்வி தப்புங்க. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்."

"அப்படின்னா அத எழுத்துல குடுக்கணும். கேள்வியின் சொல்லமைப்பு பிழை, பிழைக்கு நானே பொறுப்புன்னு. எழுதிக் குடுத்தா மார்க் போடலாம். ஆனா சதக்கத்துல்லா சார், அந்தக் கடுதாசி மேல போச்சுன்னா இனிமே ஒங்களுக்குக் கேள்வித்தாள் வராது. யோசிச்சுக்கங்க."

யோசித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே யோசித்தேன். மற்ற கேள்விகளில் அவளுக்கு இருபத்தாறு வந்திருந்தது. தேற முப்பத்தைந்து வேண்டும். யாரென்றே தெரியாத ஓர் எண்ணுக்காக அரக்கு முத்திரை உறையை விட வேண்டுமா என்று ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் கணக்குப் பார்த்தேன். அவ்வளவு சின்ன மனுஷன்தான் நான். பிறகு கூத்தையாவிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதிக் கொடுத்தேன். இருபத்தைந்துக்குப் பதினெட்டு போட்டேன். உக்கிரபாண்டி இன்னொரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டார்.

ஆனித் தொடக்கத்தில் நேர்காணல். நானும் அதில் ஒரு ஆள். வெள்ளைச் சேலையில், கையில் மஞ்சப்பையோடு வெள்ளையம்மாள் உள்ளே வந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. எண்ணைப் பார்த்ததும் அந்த ஒப்பாரித் தாள்காரி இவள்தான் என்று தெரிந்துவிட்டது. உக்கிரபாண்டி வயது, படிப்பு, ஊர் எல்லாம் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அஞ்சாவது கேள்வியில நான் கேட்டது வேறம்மா" என்றேன். "ரெண்டு ஊரும் எதுல ஒண்ணு போல இருக்கு, எதுல வேற மாதிரி இருக்குன்னு எழுதச் சொன்னேன். எழுதத் தெரியாம எழுதிட்டேன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

அவள் என்னையே பார்த்தாள். புரிய நேரம் பிடித்தது.

"அப்ப அழுகச் சொல்லலையா சார்?"

"இல்லம்மா."

"நான் அழுதுக்கிட்டேல்ல எழுதுனேன்" என்றாள். "சுத்தி அம்புட்டுப் புள்ளைகளும் எழுதுதுக, ஒண்ணு கண்ணுலயும் தண்ணியில்ல. படிச்ச புள்ளைக எல்லாம் இப்படித்தான் அழாம ஒப்புச் சொல்லும் போல, நம்மளுக்குத்தான் அந்தப் படிப்பு வரலன்னு நெனச்சேன்."

 நான் பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன்.

"சார், கோவிச்சுக்கிறாதீக" என்றாள், பையை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு. "எடம் உண்டா இல்லையான்னு இப்பவே சொல்லிருங்க. ஊருல ரெண்டு கெழவிக இழுத்துக்கிட்டுக் கெடக்குதுக. மூணு மணி பஸ்ஸு போயிட்டா அடுத்தது இல்ல. எடம் இல்லேன்னா நான் போயாகணும்."

"இருக்கும்மா" என்றார் உக்கிரபாண்டி. "நீ போக வேணாம்."

அவள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.