ஸ்டேசன் சுவரில் ஒரு படம்

மலேசியாவில், கிள்ளான் ரயில் பாதையில் எங்கள் சின்ன ஸ்டேசனுக்கு மின்சார ரயில் வந்தபோது, ஸ்டேசனின் வரலாறு என்று ஒரு பழைய புகைப்படத்தைச் சுவரில் மாட்டினார்கள். அங்கே கூட்டும் பெரியவர் தினமும் அந்தக் கண்ணாடியைத் தன் தோள் துண்டால் துடைத்த பிறகே விளக்குமாற்றைத் தொடுவார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, மலாய் படிப்பீங்கதானே? படத்துல கடப்பாறையோட நிக்கிறது எங்கப்பா. கீழே பேரு போட்டிருக்கா?”

வெள்ளைக்கார ஸ்டேசன் மாஸ்டரின் பெயர் இருந்தது. அவருடைய நாயின் பெயர்கூட இருந்தது. தண்டவாளம் போட்ட பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ‘கூலிகள்’ என்று ஒரே சொல். படித்துச் சொன்னேன்.

“நாய்க்கு இருக்கு, எங்கப்பாவுக்கு இல்லையா? நீங்க எழுதிக் குடுங்க லா, நான் ஒட்டுறேன்!”

காவலாளி எங்களையே பார்த்தார். ரயில் வந்துவிட்டது என்று முணுமுணுத்து ஏறிவிட்டேன்.

படத்தை மாட்டியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால், அவர் அப்பாவின் பெயர் என்னவென்று நானும் கேட்கவில்லை.