கூடத்துக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்

மகள் கோயம்புத்தூர் கல்லூரிக்குப் போன பிறகு துபாய் அல் குசைஸ் ஃபிளாட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். மகள் வயலின் வாசித்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ அனுப்புவாள். அதை மொபைலின் சொத்தை ஸ்பீக்கரில் கேட்க மனம் வரவில்லை. கூடத்தில் கிடந்த பழைய ஸ்பீக்கர்களுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயரும், மொபைலில் இருப்பதைச் சுத்தமான ஒலியாக மாற்றித் தரும் டாக் என்கிற சின்னப் பெட்டியும் வாங்கினேன். முதல் நாளே ஏமாற்றம். வயலின் கம்பளிக்குள் மாட்டிக்கொண்டதுபோல மங்கலாகக் கேட்டது.

"டாக் சரியில்ல," என்றேன்.

"எனக்கு நல்லாத்தானுங்க கேக்குது," என்றாள் மனைவி.

அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷமாக இங்கே ஜெனரேட்டர் மெக்கானிக் நான். ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று சைட்டில் எனக்கொரு பெயர் உண்டு. அந்தத் திமிர்.

டாக்கை மாற்றினேன். பிறகு ஆம்ப்ளிஃபயரை. பர் துபாயில் கடை வைத்திருக்கும் கீழக்கரை பாய் பொறுமைசாலி, ஒவ்வொரு முறையும் டீ சொல்வார். "இது கொஞ்சம் கூர்மையாப் பேசும், எடுத்துட்டுப் போங்க," என்று அவர் கொடுத்ததை மாட்டி, உச்ச ஒலியைக் கூட்டும் ட்ரெபிளை முழுக்கத் திருகினேன். வயலின் லேசாகத் தெளிந்தது. மனைவி காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"காதக் கிழிக்குதுங்க. புள்ள இப்படியா வாசிக்கும்?"

மறுநாள் கடைக்குச் சண்டை போடப் போனேன். பாய் கம்ப்யூட்டரில் ஒரு விசில் ஒலியை ஓடவிட்டு, அதன் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்.

"சத்தம் நின்னதும் கையத் தூக்குங்கண்ணே."

தூக்கினேன். பக்கத்தில் நின்ற, கடையில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பெண் இன்னும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஓடுதுண்ணே," என்றார் பாய், என் முகத்தைப் பார்க்காமல்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் வாங்கிய பெட்டியையெல்லாம் கோணல் என்றேன்.

சைட்டில் காதுமூடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். காதில் மாட்டினால் இன்ஜின் பேசுவது கேட்காது என்போம். சேஃப்டி ஆபீசரின் வண்டி தெரிந்ததும் "பாய், ஜல்தி" என்று யாராவது இந்தியில் அவசரக் குரல் கொடுப்பார்கள், எல்லோரும் காதுக்கு ஏற்றுவோம். வண்டி போனதும் கலாஸ், முடிந்தது, மறுபடி கழுத்துக்கு. ஒழுங்காக மாட்டுகிறவனைப் புது மாப்பிள்ளை என்று ஓட்டுவோம். ஓட்டியவர்களில் நான்தான் முதல் ஆள். இப்போது நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

காது டாக்டரிடம் போனேன். இன்ஜின் இரைச்சலில் போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்றார். காதில் கருவி வைத்தால் பேச்சு ஓரளவு புரியுமாம். வயலினைப் பற்றிக் கேட்டதற்கு, பழையபடி கேட்குமென்று எதிர்பார்க்காதீர்கள் என்றார்.

மகளிடம் சொல்லவில்லை. போன ஞாயிறு அவளே கூப்பிட்டாள்.

"கடைசில அந்த ஹை நோட் கேட்டீங்களாப்பா? மூணு வாரம் பிராக்டிஸ் பண்ணேன். உங்களுக்காகத்தான்."

மனைவியைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிரமாதம்மா," என்றேன்.

வீடியோவில் அந்த இடத்தில் வயலின் வில் அசைந்ததை மட்டும்தான் பார்த்திருந்தேன். அடுத்த வாரம் அதற்கும் மேலே போகப்போகிறாளாம்.