பாலத்துக் காவலர்கள்

என் கணவருக்கு விழித்திரையில் நோய் வந்து, நேராகப் பார்ப்பதெல்லாம் மங்கிப்போன வருஷம், அவர் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தார். முதலில் ஸ்கூட்டர், பிறகு பத்திரிகை, அப்புறம் கரமனை ஆற்றங்கரையில் காலைநடை. எதற்கும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயம். சண்டை போடாத மனுஷரோடு நான் எப்படிக் குடித்தனம் நடத்துவது? 'அடுத்த வாரம்' என்ற பேச்சே அவர் வாயிலிருந்து போய்விட்டது.

மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்றுதான். சாப்பாட்டு மேஜை மேல் மலை, ஆறு, கோட்டை எல்லாம் பரப்பி, சின்னச் சின்னப் படைவீரர்களை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிற ஆட்டம். அவரும் அவர் தம்பியும் கல்லூரி நாளிலிருந்து ஆடுகிறார்கள். மலையும் ஆளும் செய்து கொடுப்பது என் வேலை. கொலுவுக்குக் கீழே பார்க் கட்டிப் பழகிய கைக்கு இது ஒன்றும் பிரமாதமில்லை.

ஒரு ஞாயிறு, தன் குதிரைவீரன் என்று நினைத்துத் தம்பியின் ஆளைத் தூக்கி நகர்த்திவிட்டார். கவனிக்காத மாதிரியே ஆட்டம் தொடர்ந்தது. ஆட்டம் முடிந்ததும் அவரே சொன்னார்: "இனி நீங்க ரெண்டு பேரும் ஆடிக்கோங்கோ. நான் கேட்டுண்டு இருக்கேன்."

கேட்டுக்கொண்டு இருப்பதற்கு இது என்ன கச்சேரியா? எனக்கு வந்த கோபத்தில் மேஜையை மொத்தமாகக் கலைத்துவிட்டு, எல்லாவற்றையும் கைக்குத் தெரிகிற மாதிரி புதிதாகச் செய்ய உட்கார்ந்தேன்.

தெர்மகோல் மலைக்கு மைதா பசை தடவி ரவையைத் தூவினேன். சொரசொரவென்று அருமையாக வந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், எங்கள் படைகள் வருமுன்பே எறும்புப் படை மலையைப் பிடித்திருந்தது. "எந்தா இது, உன் மலை ஊர்ந்துண்டே இருக்கே?" என்று கையை உதறிக்கொண்டு கேட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை விடக்கூடாது என்று சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினேன். உப்புத்தாள், வாஷர், நட்டு, பித்தளைக் குமிழாணி. மலைக்கு உப்புத்தாள், ஆற்றுக்கு வழவழவென்று பிளாஸ்டிக் தாள். குழாய்க் கசிவை அடைக்கிற பசையைப் பிசைந்து ஆட்களைப் பிடித்து வாஷர் மேல் நிறுத்தினேன். அவர் ஆட்களுக்கு இடுப்பில் நூல்சுற்று, தம்பியின் ஆட்களுக்குத் தலையில் நட்டு. பெரிய மரப் பகடையில் புள்ளிக்குப் புள்ளி குமிழாணி அடித்தேன். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்று அவர்களுக்குள் இருந்த விதியை ரத்து செய்தேன். செய்தவள் நான், விதியும் என்னுடையது.

பிகு பண்ணிக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தார். சோறு வெந்ததா என்று பதம் பார்ப்பதுபோல விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஆட்டம் சூடு பிடித்தது. கோட்டைக்குப் போக ஒரே ஒரு பாலம்தான். அதில் தம்பி மூன்று காவலர்களை நிறுத்தியிருந்தார். தன் முறை வந்தபோது, தம்பி அந்த மூன்று பேரையும் சத்தமில்லாமல் தூக்கித் தூரத்து மலையில் வைத்தார். நான் முறைத்தேன். அவர் அண்ணனைக் கண்ணால் காட்டிக் கெஞ்சினார். அண்ணன் மேல் உயிர் அவருக்கு. பாவம், ஜெயிக்கட்டுமே என்று நானும் தலையாட்டினேன்.

என் கணவரின் விரல் பாலத்துக்கு வந்து நின்றது. பிறகு மெல்ல மலையேறி, மூன்று நட்டுத் தலைகளையும் தொட்டது.

"பாலத்தை விட்டுட்டு எந்த முட்டாளாவது மலையேறுவானாடா?"

"அது ஒரு தந்திரமாக்கும் அண்ணா."

"தந்திரம்! ரெண்டு பேரும் கண்ணாலயே பேசி முடிவு பண்ணிட்டேள், இல்லையா?"

குரல் உயரவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். இப்போது போனால் இனி இந்த மேஜைக்கு வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கலாம்தான். கேட்டால் அதுவும் இரக்கமாகிவிடும்.

"போங்கோ, தாராளமா போங்கோ. ஆனா தோத்துட்டுப் போங்கோ" என்றேன்.

தம்பியை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். மலையிலிருந்த மூன்று காவலர்களையும் எடுத்து, அவர் காதில் விழும்படி, பாலத்தில் டக் டக்கென்று வைத்தேன்.

"உங்க முறை."

எழுந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் துளிகூட விட்டுக்கொடுக்கவில்லை. அவர் குதிரைகளை ஆற்றங்கரையிலேயே அடித்தேன். கடைசியில் என் ஆட்கள் அவர் ராஜாவைச் சூழ்ந்து நின்றபோது, ஒவ்வொருத்தர் தலையாகத் தடவிப் பார்த்து, தப்ப வழியே இல்லை என்று நிச்சயம் பண்ணிக்கொண்டார்.

"ராட்சஸி" என்றார். கை இன்னும் மலைமேலேயே இருந்தது. "அடுத்த வாரம் இந்த மலையைக் கொஞ்சம் ஆத்துப் பக்கம் தள்ளி வை. என் ஆட்களுக்கு மறைவே இல்லை."

"தோத்தவா சொல்ற இடத்துக்கெல்லாம் மலை நகராது" என்றேன்.

"அதெப்படி நகராது?" என்று மேஜையைத் தட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

தம்பி காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போகும்வரை நாங்கள் சண்டை போட்டோம்.