குழுவில் சேர்ந்த புதியவள்

சலவைக் கடையில் துணி வாங்கி ரசீது கொடுப்பவளை வருகிறவர் போகிறவர் எல்லோரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். உரிமையோடு கூப்பிட வேண்டியவன் கூப்பிட்டுப் பல வருடம் ஆகிவிட்டது.

அம்மா படுத்த படுக்கையானபோது தம்பிக்கு வெளியூரில் இயற்பியல் படிப்பின் கடைசித் தேர்வு. அவன் காதில் போடாதே, படிப்பு கெட்டுவிடும் என்று அம்மாதான் கையைப் பிடித்துச் சொன்னாள். அக்காவும் போனில் எல்லாம் நல்லபடி என்றே சொல்லிவந்தாள். தேர்வு முடிந்து அவன் வந்தபோது எல்லாமே முடிந்திருந்தது. அவன் அழவுமில்லை, கத்தவுமில்லை.

“கடைசியா ஒரு தடவ பாக்க விடலல்ல நீ?”

அம்மா சொல்லித்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போய்ச் சேர்ந்தவள் மேலா பழி போடுவது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன், பிறகு அவள் போனை எடுக்கவேயில்லை. அவள் சலவைக் கடையில் சேர்ந்ததுகூட அவனுக்குத் தெரியாது.

அவள் கணவன் பஸ் டிரைவர். ஒரு நாள் சாப்பிட வந்தவன் கைபேசியை நீட்டினான். இணையத்தில் ஓர் இயற்பியல் குழு. கேட்பவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதுகிறவர் யாரென்று பார்த்தால், முன்வழுக்கையோடு தம்பி!

புதிதாகச் சேர்கிறவர்கள் தங்களைப் பற்றி நாலு வரி எழுத வேண்டுமாம். ‘புதியவள்’ என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு, எழுதி எழுதி அழித்து, கடைசியில் இப்படிப் போட்டாள்: “வணக்கம். சலவைக் கடையில வேலை பாக்கிறேன். பள்ளிக்கூடத்தோட படிப்பு நின்னுபோச்சு. துணி நனைஞ்சா ஏன் நிறம் கறுத்துத் தெரியுது?”

முதல் பதிலே அவனுடையது. “வாங்க. அருமையான கேள்வி. நூல் இழைகளுக்கு நடுவில் தண்ணீர் புகுந்துவிட்டால், வெளிச்சம் உள்ளே ஆழமாகப் போய்விடுகிறது. நம் கண்ணுக்குத் திரும்பி வருவது கொஞ்சம்தான்.”

விளக்கம் அவள் மண்டையில் ஏறவில்லை. அந்த ‘வாங்க’வையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கொழுக அவள் இடுப்பை விட்டு இறங்காதவன், மரியாதையாகப் பேசுகிறான்.

அதன்பின் கேள்வி மேல் கேள்வி. அவனும் சலிக்காமல் எழுதினான். கடையில் அவள் தனியாகச் சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் அவனே கேட்டான், இதிலெல்லாம் உங்களுக்கு எப்படி ஆர்வம் வந்தது என்று.

வம்பை விலைக்கு வாங்காதே என்றான் கணவன். அவள் கேட்கவில்லை. “சின்ன வயசுல என் தம்பி, சுவிட்ச அணைச்சப்புறமும் ஃபேன் ஏன் சுத்துதுன்னு கேட்டான். அதுக்கும் உன்ன மாதிரிதான், சொன்னவுடனே நிக்கத் தெரியாதுன்னேன்” என்று எழுதிவிட்டாள்.

அன்று முழுக்கப் பதிலில்லை. மறுநாள் தனிச்செய்தி ஒன்று வந்தது.

“நீங்கள் யாரென்று தெரிந்துவிட்டது. அன்றைக்கு அம்மாவின் நிலைமையை மறைத்தீர்கள். இன்றைக்கு உங்களையே மறைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் கேள்விகளுக்கு இனி வேறு யாராவது பதில் சொல்வார்கள்.”

திட்டும்போதாவது ‘நீ’ என்றிருக்கலாம். ‘அம்மாதான்டா’ என்று ஒரு சொல் தட்டினாள். அதையும் அழித்தாள்.

“உண்மையச் சொல்லித் தொலைச்சா என்ன?” என்றான் கணவன்.

“அப்புறம் அம்மா மேலயும் கோபப்படுவான். அவனுக்கு அவளாவது மிச்சம் இருக்கட்டும்.”

குழுவைவிட்டு அவள் விலகவில்லை. அவன் மற்றவர்களுக்கு எழுதுவதை, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் வாசிப்பாள். பாதிதான் புரியும்.