முனுசாமி காய்

பிள்ளைகளே, நேற்று பெங்களூர்க் கடையில் நீங்கள் வாங்கிய மாங்காயின் காம்பைக் கிள்ளியதும் எழுந்த பால் வாசனை, என்னை நான் வளர்ந்த பங்காருபாளையத்துத் தோப்புக்கு இழுத்துப் போய்விட்டது. இப்போது அங்கே மாங்கூழ் ஃபேக்டரிதான் நிற்கிறது. ஒட்டுக்கன்றுகள் பெயரோடு வந்து சேரும்; கொட்டையிலிருந்து முளைத்த மரத்துக்கோ, தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் பெயரையே எங்கள் பக்கம் வைப்பார்கள். அந்தத் தோப்பில் கூலிக்குக் காய் பறித்த என் நைனா, உங்கள் தாத்தா முனுசாமி, வாய்க்கால் ஓரம் வளர்த்த மரத்தின் காய் (பழுத்தாலும் எங்களுக்கு அது காய்தான்) அப்படித்தான் சந்தைவரைக்கும் 'முனுசாமி காய்' ஆனது.

ஒருநாள் நைனா, மாம்பால் கறை படிந்த வேட்டியோடு, ஒரு கூடைப் பழத்தை எங்கள் பள்ளிக்கூடத்துக்கே சுமந்துவந்தார். டவுனிலிருந்து புதிதாக வந்திருந்த பையன் ஒரு பழத்தைக் கடித்துவிட்டு, "இன்னா காய்டா இது, இப்டி தித்திக்குது?" என்றான்.

"முனுசாமி காய்" என்றேன்.

"யார்டா முனுசாமி?"

"தெர்லடா. தோப்புல யாரோ கூலியாளு."

நைனா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "ஆமா கண்ணு, யாரோ ஒருத்தன். நீ துன்னு" என்று சிரித்து, அவனுக்கு இன்னொரு பழம் கொடுத்தார். அதன்பிறகு சாகும்வரை அவர் அதை வெறும் நாட்டுக்காய் என்றே சொன்னார்.